துப்பாமல் விழுங்கிய மாப்பிள்ளைக்கு

மாப்ளே,

இன்று காலை கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன உறையைப் பிரித்தால், உள்ளே நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். நீல நிற நாடா, அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை, அட்டையில் உன் படம். படத்துக்குக் கீழே பிரெஞ்சு எழுத்தில் உன் பெயரும், நடுவர் என்று பொருள்படும் ஒரு சொல்லும். கூடவே உன் மகளின் துண்டுச் சீட்டு: "அப்பா பெட்டியில இருந்துச்சுங்க மாமா. உங்ககிட்ட இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு." நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறாள். ஏழு தீயணைப்பு வண்டிகள் வந்தாலும் அணையாத என் வயிற்றெரிச்சலுக்கு மண்ணெண்ணெய் பார்சல் அனுப்புகிறோம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

உன் அக்கா அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் தம்பிக்காக அழுதாள். நான் அதில் என் மூஞ்சி இல்லையே என்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இங்கே நாமக்கல்லில் தொடங்கி அங்கே ஆத்தூர் வரைக்கும் பொறாமைக்கென்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆளே கிடைக்காது. அதையும் என்னிடமே கொடுத்து வண்டி வைத்து அனுப்புவார்கள்.

காவிரிக்கரையில் நம் வெல்ல மண்டியில் நீயும் நானும் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். எனக்குத் தேக்கு நாற்காலி, உனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. நான் உன் அக்காவைக் கட்டியவன், ஆறு வயது மூத்தவன், ஆகையால் தேக்கு. ஏலத்துக்கு வந்த வெல்லத்தில், கரும்பு விளைவித்துக் காய்ச்சிய காட்டுக்காரருக்கும் வாங்க வந்த யாவாரிக்கும் தகராறு வந்தால் ஒரு துண்டை உடைத்துக்கொண்டு நம்மிடம் வருவார்கள். கரும்பு உப்புத் தண்ணீரில் விளைந்ததா, பாகில் வெள்ளைச் சர்க்கரை கலந்ததா, அடுப்புப் புகை ஏறியதா என்று நாம் வாயில் போட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. உச்ச நீதிமன்றத்துக்காவது மறு சீராய்வு உண்டு, நமக்கு அதுவும் இல்லை.

நம் வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. வாயில் போட்டதைத் துப்பக் கூடாது. எத்தனை மட்டமான வெல்லமானாலும் விழுங்க வேண்டும். காய்ச்சியவன் எதிரில் நின்றுகொண்டிருக்கிறான். அவன் கண்ணெதிரே துப்பினால் அவன் முகத்திலேயே துப்பியதாகத்தான் எடுத்துக்கொள்வான். தீர்ப்பு கசப்பாக இருக்கலாம், துப்பல் மட்டும் கூடாது. யார் எழுதி வைத்த சட்டம் என்று தெரியாது, ஆனால் நம் மண்டியில் யாரும் மீறியதில்லை.

பிறகு கொரோனா வந்தது. எனக்குப் பதினான்கு நாள் காய்ச்சல். நான் பிழைத்துக்கொண்டேன், என் நாக்கு பிழைக்கவில்லை. எழுந்து உட்கார்ந்த அன்று உன் அக்கா மிளகு ரசம் கொண்டுவந்தாள். வெந்நீர் என்று நினைத்துக் குடித்தேன். "மெதுவா வந்துருமுங்க" என்றார் டாக்டர். மெதுவாக என்றால் இந்தப் பிறவியிலா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. வாசமும் ருசியும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு புறப்பட்டுப் போயின, திரும்பி வரவே இல்லை. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் அக்காவிடமும் சொல்லவில்லை. ருசி பார்க்கிறவனுக்கு ருசி தெரியாது என்று வெளியே வந்தால், என் தேக்கு நாற்காலியை அன்றைக்கே விறகாக்கி ஆலைக் கொட்டகை அடுப்பில் வைத்து, அந்தத் தீயிலேயே வெல்லமும் காய்ச்சியிருப்பார்கள். அப்புறம் நான் எங்கே உட்காருவது? வீட்டில் உட்கார்ந்தால் உன் அக்கா வெங்காயம் உரிக்கச் சொல்வாள்.

என் அதிர்ஷ்டம், உனக்கு அப்போதுதான் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. அதுவரைக்கும் மூத்தவன் என்ற மரியாதையில் துண்டை முதலில் வாயில் போடுகிறவன் நான். காய்ச்சல் முடிந்து மண்டிக்கு வந்தால், நீ என்னை முந்திக்கொண்டு வாங்கி வாயில் போடுகிறாய். போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல், "கரிக்குதாட்டம் இருக்குது... மச்சான், நீங்க பாருங்க" என்கிறாய்.

'தேக்கு நாற்காலிக்கு அடி போடுகிறான்' என்று எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், நீ சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வேன். நீ கரிக்கிறது என்று முனகினால், நான் எழுந்து நின்று, "இது வெல்லமுங்களா? வேதாரண்யத்து உப்பளமுங்க! இதை வெச்சுப் பொங்கலிட்டா பானையில மீனு நீந்தும்!" என்று அறிவிப்பேன். மண்டியே சிரிக்கும். உண்மையை நீ மெதுவாகச் சொல்வாய், அதற்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவது நான். பெயர் எனக்குக் கிடைத்தது. "ஐயா நாக்கு பொன்னுங்க" என்பார்கள். தலையை ஆட்டிக்கொள்வேன்.

இப்படியே மூன்று வருடம் ஓட்டினேன். அப்போதுதான் உன் மகள் பிரான்சிலிருந்து போன் செய்தாள்.

அவள் வேலை பார்க்கிற ஊரில் ஒரு ஒயின் போட்டி நடக்கிறதாம். நம் தாத்தாமார் கோவணத்தோடு ஏற்றம் இறைத்த காலத்திலிருந்தே நடக்கிறதாம். ஊரெல்லாம் திராட்சை போட்டு ஒயின் செய்கிறவர்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து வைப்பார்களாம். ஒரு நாள் காலை முழுவதும் நடுவர்கள் ருசி பார்த்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கொடுப்பார்களாம். மறுநாள் அதே இடத்தில் பொதுமக்களுக்குச் சந்தை, யார் வேண்டுமானாலும் போய்ச் சுவைக்கலாம். அவளுடைய ஆபீஸ் தோழி அந்தப் போட்டியை நடத்துகிறவர்களில் ஒருத்தி. எங்கப்பா இந்தியாவில் வெல்லத்துக்கு ருசி பார்க்கிறவர் என்று இவள் பேச்சுவாக்கில் சொல்ல, அந்தத் தோழி துள்ளிக் குதித்துவிட்டாளாம்.

"மாமா, விருந்தாளிக்குன்னு ஒரே ஒரு நாற்காலிதான் இருக்குதுங்க" என்றாள் என்னிடம். "நீங்க ரெண்டு பேரும் வாங்க. சின்னதா ஒரு சோதனை வெச்சு, யாருன்னு முடிவு பண்ணுவாங்களாம்."

நீ தனியாக விமானம் ஏற மாட்டாய் என்று உன் அக்கா என்னைத் துணைக்கு அனுப்பினாள். நான் துணையாகப் போகவில்லை, நாற்காலிக்காகப் போனேன். நாக்கு செத்தவன் எந்தத் தைரியத்தில் போனான் என்று கேட்காதே. நீ முன்னால் இருப்பாய், நான் பின்னாலிருந்து அள்ளிக்கொள்வேன் என்ற பழக்கம்தான்.

சோதனை என்பது ஐந்து கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். ஒன்றில் துளி சர்க்கரை, ஒன்றில் துளி உப்பு, ஒன்றில் புளிப்பு, ஒன்றில் கசப்பு, ஒன்று வெறும் தண்ணீர். எதில் எது என்று எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், உன் மகள் படித்துச் சொல்வாள். பக்கத்துப் பக்கத்து மேசைதான். நான் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்து, கண்ணை மூடி, ஒரு மகாராஜா தோரணையில் உறிஞ்சினேன். ஐந்தும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஓரக்கண்ணால் உன் காகிதத்தைப் பார்த்தேன். வழக்கமாக எறும்பு ஊர்வது மாதிரி எழுதுகிற நீ, அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தையும் பூசணிக்காய் அளவுக்கு எழுதி, காகிதத்தை என் பக்கம் சாய்த்து வைத்திருந்தாய். கர்வம் பிடித்தவன், நானே அறிவாளி என்று காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டே ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

உனக்கு ஐந்துக்கு ஐந்து. எனக்கு ஐந்துக்குச் சுழி. கிண்ணங்களை எனக்கு வேறு வரிசையில் வைத்திருந்தார்களாம். உப்பை வெறும் தண்ணீர் என்றும், வெறும் தண்ணீரைக் கசப்பு என்றும் நான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"மாமா?" என்று உன் மகள் என்னைப் பார்த்தாள்.

"மச்சானுக்கு ஏரோப்ளேன்ல சளி புடிச்சிருச்சு அம்மிணி" என்றாய் நீ.

அதற்குத் தகுந்தாற்போல நான் மூன்று முறை தும்மினேன். பாரிஸ் கோபுரமே ஒரு ஆட்டம் ஆடியிருக்கும். ஆனால் மனதுக்குள், வேண்டுமென்றேதான் தப்புத் தப்பாகக் காட்டி என்னைக் கவிழ்த்தான் என்று உன்மேல் கறுவிக்கொண்டிருந்தேன்.

போட்டி நாளன்று உன்னை மேசையில் உட்கார வைத்தார்கள். என்னை ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். நம் மண்டியைப் போல நூறு மண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம், அவ்வளவு பெரிய கூடம். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள். கழுத்து வரைக்கும் துணிப்பை மாட்டிய பாட்டில்கள் முகமூடிக் கொள்ளைக்காரர்கள் மாதிரி வரிசையாக நின்றன. பெயர் இல்லை, ஊர் இல்லை, நம்பர் மட்டும். உன் மேசையில் ஐந்து பேர். தலைமைக்கு ஒரு வழுக்கைத் தலை மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். உனக்குப் பின்னால் மொழிபெயர்க்க உன் மகள். நடுவில் ஒரு வாளி.

வாளி எதற்கு என்று முதல் கிண்ணத்திலேயே தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒயினைச் சுழற்றினார்கள், முகர்ந்தார்கள், வாயில் ஊற்றிக் கொப்பளித்தார்கள், பிறகு குறி தவறாமல் வாளியில் துப்பினார்கள். நீ விழுங்கினாய்.

வழுக்கையர் ஏதோ சொன்னார். "விழுங்க வேண்டாங்கறாருங்கப்பா. துப்பிரணுமாம். இல்லாட்டி சாயங்காலம் வரைக்கும் தாங்காதாம்" என்றாள் உன் மகள்.

"எப்படி அம்மிணி துப்பறது? செஞ்சவங்க இங்கதானே எங்காச்சும் நிப்பாங்க?"

"இங்க யாரும் இல்லீங்கப்பா. யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான் துணி போட்டு மூடியிருக்குது."

"நம்ம கண்ணுக்குத் தெரியலீன்னா அவங்க இல்லைன்னு ஆயிருமா கண்ணு?"

அவள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, வழுக்கையர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி உன்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை ஊற்றச் சொன்னார். கம்மங்கூழுக்கு மேல் காட்டமான எதையும் வாயில் வைக்காத மாப்பிள்ளை, நீ அடுத்தடுத்து விழுங்கினாய். நான்காவதில் உன் காது சிவந்தது. ஆறாவதில் மேசை விரிப்பைப் பார்த்துச் சிரித்தாய். ஏழாவதில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாய்.

"புகை" என்றாய்.

மற்ற நால்வரும் மறுபடி முகர்ந்தார்கள். இல்லை என்று தலையாட்டினார்கள். நீ அசையவில்லை. "அடுப்பு எதுர்க்காத்துல எரிஞ்சிருக்குது. பாகுல புகை ஏறியிருக்குது. அடி நாக்குல நிக்குது பாருங்க."

ஒயினுக்கு அடுப்பே கிடையாது என்று உன் மகள் உன் காதில் சொன்னாள். மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. விழுந்தான்டா மாப்பிள்ளை என்று கயிற்றுக்குப் பின்னால் கைகளைத் தேய்த்துக்கொண்டேன். ஆனால் வழுக்கையர் சிரிக்கவில்லை. முந்தைய கோடையில் அந்தப் பக்கத்து மலையில் காடு எரிந்ததாம். கொடியில் பழம் இருக்கும்போது அந்தப் புகை படிந்தால் ஒயினில் வருமாம். அதே ஏழாம் நம்பரில் இன்னொரு பாட்டிலைத் திறந்து, புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொன்னார். மேசைக் கடைசியில் இருந்த ஒரு பெண் முதலில் மெல்லத் தலையாட்டினாள். பிறகு சிரித்த இருவர். கடைசியில் வழுக்கையர். ஏழாம் நம்பருக்குப் பதக்கம் இல்லை என்று எழுதிவிட்டு, அவர் எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் கயிற்றைக் கடித்தேன். பொய்யில்லை. இன்னும் அங்கே பல் தடம் இருக்கும்.

பன்னிரண்டு கிண்ணம் முடிந்து வெளியே வந்தபோது நீ நேராகத்தான் நடந்தாய். பிரான்சுதான் கொஞ்சம் சாய்ந்திருந்தது. "பசிக்குதுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தூங்கினாய். அவ்வளவுதான் நடந்தது. இதை நான் பிற்பாடு ஊரில் என்னவாக ஆக்கினேன் என்பது உனக்கே தெரியும்.

மறுநாள் சந்தை. வாசலில் நாடா கோத்த ஒரு கிண்ணம் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடை கடையாகப் போக வேண்டியது. ஒயின் செய்தவர்களே நின்று ஊற்றுகிறார்கள். பதக்கம் வாங்கியவர்கள் கடையில் பொன் வட்டம் ஒட்டிய பாட்டில்களும், தேர்க்கூட்டம் மாதிரி ஜனமும். நான் ஒவ்வொரு கடையிலும் ஒரு மடக்கு வாங்கி, கண்ணை மூடி, "ஆஹா! இதில் மூன்று பருவமழையும் ஒரு பௌர்ணமியும் இருக்கிறது" என்று தமிழில் தீர்ப்பு சொன்னேன். மொழி புரியாவிட்டாலும் தோரணை புரிந்தது. கை தட்டினார்கள். எனக்கு எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான்.

நீ கூட்டமில்லாத கடையாகப் பார்த்துப் போனாய். ஓரத்தில் ஒரு அம்மா தனியாக நின்றிருந்தார். நம் காட்டு வேலைக்காரப் பெண்களின் கை மாதிரி வெடித்த கை. அவர் பாட்டிலில் பொன் வட்டம் இல்லை. உனக்கு ஊற்றிக் கொடுத்தார். நீ வாயில் வைத்தாய். முந்தைய நாள் ஏழாம் நம்பரில் உன் முகம் எப்படி நின்றதோ, அப்படியே நின்றது. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய புகைப்படம்: கீழே வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, மேலே கரிக்கட்டையாக நிற்கிற மலைமரங்கள்.

அந்த அம்மா ஏதோ கேட்டார். "நேத்து பதக்கம் கெடைக்கலீங்களாம். ஏன்னு தெரியலைங்கறாங்க. உங்களுக்கு எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்கப்பா" என்றாள் உன் மகள்.

எனக்கு உள்ளே கொட்டு மேளம் அடித்தது. மாட்டினான்! நேற்றுப் பதக்கத்தைத் தடுத்த கை, இன்று அவர் எதிரிலேயே நிற்கிறது. என்ன சொல்கிறான் பார்ப்போம்.

நீ கிண்ணத்தை அடி வரைக்கும் குடித்தாய். மறுபடி நீட்டினாய். "நல்லாருக்குதுங்க. ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க" என்றாய். உன் மகள் அதைச் சொன்னாள். அந்த அம்மா கிண்ணம் வழிய ஊற்றினார். அதையும் குடித்தாய்.

பாலாடைக்கட்டிக் கடை ஓரத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "டேய் மாப்ளே, நேத்து நாற்காலியில உக்காந்துட்டுப் புகைன்னே. இன்னைக்கு நல்லாருக்குதுங்கறே. எதுடா நெசம்?"

"ரெண்டுந்தானுங்க மச்சான். நேத்து ஒயினைப் பத்திக் கேட்டாங்க. இன்னைக்கு அந்தம்மா கேட்டாங்க."

"புளுகுணி! முப்பது வருசமா மண்டியில உண்மை பேசறவனாட்டம் நடிச்சியேடா!"

நீ சிரித்தாய். "மூணு வருசமா உங்ககிட்டச் சொல்லாம வெச்சிருக்கறதுக்கு இது ஒண்ணும் பெருசில்லீங்க."

"என்னத்தைடா சொல்லாம வெச்சிருக்கறே?"

"காய்ச்சல் உட்டு நீங்க வந்த அன்னைக்கே, மண்டி டீக்கடையில உங்க டம்ளர்ல சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போடச் சொன்னேன். உறிஞ்சிக் குடிச்சுப்போட்டு, 'இது தேவலோகத்து டீ, இன்னொண்ணு போடு'ன்னீங்க."

அதனால்தான் நீ முதலில் வாயில் போட்டாய். அதனால்தான் என் பக்கம் பார்க்காமல் என் காதில் விழும்படி முனகினாய்.

"அப்ப அந்தத் தண்ணிச் சோதனை?"

"உங்களுக்குக் காமிக்கத்தானுங்க பெருசு பெருசா எழுதுனேன். கெரகம், கிளாஸை மாத்தி வெச்சிருப்பாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் கட்டிப்பிடித்திருப்பான். எனக்கு வந்தது பொறாமைதான் மாப்ளே, அதுவரை வந்ததை எல்லாம் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. நாக்கிலும் நீ பெரியவன், மனதிலும் நீ பெரியவன் என்றால் நான் எதில்தான் பெரியவன்? வயதில் மட்டுமா? "ஊருல யார்கிட்டயும் சொல்லிராதே" என்று மட்டும் சொன்னேன்.

"என்னத்தைங்க சொல்றது?" என்றாய், எதுவுமே தெரியாதவன் மாதிரி.

ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமையே நான் மண்டியில் அரங்கேற்றம் நடத்தினேன். நடுவர் நாற்காலியை எனக்குத்தான் கொடுத்தார்கள், போனால் போகிறது என்று நான்தான் மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தேன் என்றேன். நீ பன்னிரண்டு பாட்டில் குடித்துவிட்டுத் தூணைக் கட்டிப்பிடித்து "அக்கா, அக்கா" என்று அழுததாகவும், நான்கு போலீஸ்காரர்களும் ஒரு கிரேனும் வந்துதான் உன்னைப் பிரித்தெடுத்ததாகவும் சொன்னேன். ஒரு மாதம் சிரித்தார்கள். உன்னைப் பார்க்கிறவனெல்லாம், "தூணு சௌக்கியமுங்களா?" என்று கேட்டான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். ஏழாம் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த துண்டு வந்தபோது, வழக்கம்போல நீயே முதலில் வாயில் போட்டு, "சர்க்கரை கலந்தாப்புல இருக்குது... மச்சான், நீங்க பாருங்க" என்றாய்.

போன மார்கழியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. அதிலும் நீயே முந்திக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நான் மண்டியில் தனியாக உட்கார்ந்தேன். தகராறு எதுவும் வந்துவிடக் கூடாதே என்று நான் கும்பிடாத சாமி இந்த ஜில்லாவில் பாக்கி இல்லை. சில வாரம் சாமிகள் காப்பாற்றின. போன மாதம் ஒரு சனிக்கிழமை எல்லாச் சாமியும் சேர்ந்து லீவு எடுத்துக்கொண்டன.

மோகனூர்ப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரின் வெல்லம். செவ்வாய்ப்பேட்டை யாவாரி ஒருவர் ஏலம் எடுத்துவிட்டு, உப்பு என்று பின்வாங்கினார். "இதை ஏத்திட்டுப் போனா என்ற கடையில ஈகூட மொய்க்காதுங்க" என்றார். "என்ற கெணத்துத் தண்ணி எளநியாட்டம் இருக்குமுங்க. ஊட்டுல கொழந்தைக கேட்டு வாங்கித் தின்ன வெல்லமுங்க இது" என்றார் காட்டுக்காரர். சத்தம் பெரிதாகி, கடைசியில் ஒரு துண்டு என் கைக்கு வந்தது. "நீங்க சொல்லுங்க சாமி, அது போதும்" என்றார்கள் இரண்டு பேரும்.

வாயில் போட்டேன். செங்கல். சுற்றிலும் கூட்டம் சிரிக்கத் தயாராக நின்றது. என்னிடம் இரண்டு தீர்ப்பும் தயாராக இருந்தன. உப்பு என்றால் உப்பளத்தையும் மீனையும் சொல்லலாம். இனிப்பு என்றால் தேவலோகத்தைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள். பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். யாரோ அதில் தராசுப் படிக்கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். காட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்திருந்தது அவருக்கு. நான் குத்துமதிப்பாகச் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் அவருடைய ஒரு வருடப் பாடு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போய்விடும்.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று.

"நெசமாவே தெரியலீங்க. என்ற நாக்கு செத்து அஞ்சு வருசமாச்சு. கொரோனாவுல போச்சு. இத்தனை நாளா மாப்பிள்ளை மொதல்ல வாயில போட்டுச் சொன்னதைத்தான் நான் சத்தமாச் சொன்னேன். ஒருத்தருக்கும் தெரியாம அவன் என்னைக் காப்பாத்திட்டிருந்தான்."

நாற்காலியை விறகுக்கு உடைக்கும் சத்தம் கேட்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது காட்டுக்காரர் தன் வெல்லத்திலேயே ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். தலையைக் குனிந்துகொண்டு, "லேசாக் கரிக்குதுங்க. கெணறு வத்தி, இந்த வருசம் புது போர்வெல் தண்ணி. எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றார். யாவாரி அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். அவர்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். வெட்கம் பிடுங்க, வீட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்கலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன். ஒருவன்கூட என்னைப் பார்க்கவில்லை மாப்ளே! ஐந்து வருட மானத்தை அவிழ்த்து நடு மண்டியில் வைத்திருக்கிறேன், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "அந்த மனுசன் ரெண்டு பேர்த்து வேலையை ஒரு நாக்குல பாத்திருக்காருங்களே!" என்கிறான் ஒருவன். "ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தாருங்களா?" என்கிறான் இன்னொருவன். "எங்கப்பா வெல்லத்தை ஒருக்கா மோசம்னு சொல்லிப்போட்டு, மறுநா ஊட்டுக்கே வந்து ஆலை அடுப்பைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் காமிச்சாருங்க" என்கிறான் மூன்றாவது ஒருவன். இது எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாமல் நீ இன்னும் எத்தனை நல்லது செய்து வைத்திருக்கிறாயோ, படுபாவி.

கேட்கக் கேட்க எனக்குப் பற்றியெரிந்தது. செத்த பிறகும் நீ ஜெயிக்கிறாய் என்பதற்காக மட்டும் இல்லை. இவன்களுக்கு உன்னைப் புகழவே தெரியவில்லை. நல்லவருங்க, தங்கமானவருங்க என்று நாலு தேய்ந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உருட்டுகிறார்கள். உன் பக்கத்து நாற்காலியில் முப்பது வருடம் எரிந்தவன் நான். உன்னைப் பற்றிச் சொல்வதில் என்னை முந்த இவன்கள் யார்?

"பிரான்சுல தூணைக் கட்டிப் புடிச்சாருன்னு சொன்னீங்களே?" என்று ஒருவன் கேட்டான்.

"அது நான் வயித்தெரிச்சல்ல சொன்ன பொய்யிடா" என்றேன். தேக்கு நாற்காலியில் ஏறி நின்றேன். ஏழாம் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்றைக்கு மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள், உண்மைதான். நான் ஐம்பது என்றேன். காடு எரிந்தது ஒரு மலையில்; நான் ஏழு மலை என்றேன். வழுக்கையர் கை குலுக்கினார் என்பதை, காலில் விழப் போனார், நீதான் பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினாய் என்றேன். அந்த அம்மாவிடம் நீ இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டியதை மட்டும் நடந்தபடியே சொன்னேன். அதில் கூட்டுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் யாவாரி ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு இதுதான் வேலை. தீர்ப்பு சொல்வதை விட்டுவிட்டேன், அதற்கு வேறு இருவர் உட்காருகிறார்கள். ஏலம் முடிந்ததும் என்னிடம் வருவார்கள். "மாப்பிள்ளை கதை சொல்லுங்க" என்பார்கள். எழுந்து நின்று தொண்டையைச் செருமும்போது எனக்கு உன்மேல் இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. நின்று பேசுகிறவன் நான், ஆனால் அவர்கள் பார்ப்பது உன்னைத்தான்.

நேற்று ஆத்தூரிலிருந்து வந்த ஒரு புது யாவாரி, முழுவதும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "ஏங்க, இவ்வளவும் நெசமா?" என்றார்.

"கொறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்" என்றேன்.

உன் மச்சான்